மரக்கால் யார் கையில்?

360 நெல் சேர்ந்தால் ஒரு செவிடு. 5 செவிடு ஒரு ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. மரக்கால் என்று சொல்வதும் அதைத்தான். 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். மொத்தமாகப் பெருக்கினால் ஒரு கலத்துக்கு 13,82,400 நெல்மணி வரும்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு பையன் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பான். நெல்லிலக்கம் என்று அந்தச் சுவடிக்குப் பெயர். கூடவே பொன்னிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று வரிசையாக உண்டு. 320இல் ஒன்று முந்திரி, 80இல் ஒன்று காணி, 20இல் ஒன்று மா, 16இல் ஒன்று மாகாணி. நாம் ஆறாம் வகுப்பில் பின்னத்தைப் பார்த்துப் பயந்தோமே, அதை அந்தப் பையன் பாட்டு மாதிரி விழுங்கி வைத்திருந்தான்.

மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கிற தலைமுறை நாம். ஆனால் இந்தச் சுவடிகளை ஆராய்ந்த செந்தில் பாபு போன்றவர்கள், நினைவில் வைப்பது அங்கே கற்றலின் ஒரு முறையாகவே இயங்கியது என்று காட்டியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் புரியும். களத்துமேட்டில் நெல் குவிந்து கிடக்கும்போது ஓலையைப் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. வாரம் எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, வண்ணார், நாவிதர், தச்சர், வெட்டியான் பங்கு எவ்வளவு, அறுத்தவருக்கு எவ்வளவு என்று நின்ற இடத்தில் சொல்லவேண்டும். அந்தக் கல்வி அந்த மண்ணுக்காகவே செய்யப்பட்டது. வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி வேண்டும் என்று இன்றைக்கு மேடைதோறும் பேசுகிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. இவ்வளவு நெல்லையும் நட்டு, களையெடுத்து, அறுத்து, கட்டுக் கட்டி, அடித்துக் குவித்த வீட்டுப் பிள்ளை அந்தத் திண்ணையில் இல்லை. நெல்லை அளக்கக் கற்றவன் ஒருவன், நெல்லை விளைவித்தவன் வேறொருவன். டெல்டாவில் கல்வியின் வரலாறு என்பது இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தூரத்தின் வரலாறுதான். அந்தத் தூரம் குறைந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. குறைவது என்றால் என்ன அர்த்தம் என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி. அறுக்கிற பக்கத்திலிருந்து சில பேர் அளக்கிற பக்கத்துக்கு ஏறிப்போனால் கல்வி தன் வேலையைச் செய்துவிட்டதா?

*

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே ஒரு புள்ளிவிவரம் வரும். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, தன் ஆட்சிக்குட்பட்ட எல்லா மாவட்டங்களிலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், எந்தெந்தச் சாதி என்று கலெக்டர்களிடம் கேட்டார். 1826இல் அதைத் தொகுத்து எழுதினார். மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். பள்ளிகளும் உயர்கல்விக் கூடங்களும் சேர்த்து 12,498. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. தஞ்சாவூரில் மட்டும் 884 பள்ளிகள், அவற்றுக்கு மேலே 109 உயர்கல்விக் கூடங்கள். பள்ளி வயதுப் பையன்களில் நாலில் ஒருவர் படித்தார்கள் என்று மன்றோ கணக்குப் போட்டார். அன்றைய ஐரோப்பாவின் பல நாடுகளில் கொஞ்ச காலம் முன்பு வரை இருந்த நிலையைவிட இது மேல் என்பதும் அவர் கருத்து.

1931இல் லண்டனில் பேசிய காந்தி, ஐம்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இந்தியா இப்போது எழுத்தறிவில் பின்தங்கிவிட்டது, அந்த அழகிய மரத்தை வெள்ளையர்கள் வேரோடு அழித்துவிட்டார்கள் என்ற பொருளில் சொன்னார். ஃபிலிப் ஹார்டாக் என்ற கல்வி அதிகாரி, ஆதாரம் எங்கே என்று வருஷக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1983இல் தரம்பால் அந்த மன்றோ ஆவணங்களையே தேடி எடுத்துப் புத்தகமாகப் போட்டார். புத்தகத்தின் பெயரே ‘அழகிய மரம்’தான். அதில் அவர் சுட்டிக்காட்டிய முக்கியமான விஷயம்: தமிழ் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பான்மை பிராமணர்கள் இல்லை. கல்வியே பிராமணர்களின் ஏகபோகமாக இருந்தது என்ற எளிய சித்திரம் இதில் உடைகிறது. அந்தச் சித்திரம் உடைந்தது நல்லதுதான்.

ஆனா அதே ஆவணத்தை இன்னொரு தடவை பார்க்கணும். பிராமணர், வைசியர், சூத்திரர், ‘மற்றச் சாதிகள்’, முஸ்லிம்கள் என்று பத்தி பிரித்திருக்கிறார்கள். பள்ளர் எத்தனை, பறையர் எத்தனை என்று தனிப்பத்தி இல்லை. மாகாணம் முழுக்கப் பள்ளிக்குப் போன 1,88,650 பேரில் பெண்கள் 4,540. அவர்களிலும் பலர் ஆடல் மரபைச் சேர்ந்தவர்கள். பள்ளி என்பது திண்ணை. திண்ணை என்பது ஊருக்குள் இருக்கிற வீட்டின் முன்பகுதி. அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே முடியாத ஒருவரின் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏறி உட்கார்ந்திருக்குமா? இதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. தெரு அமைப்பே பதில் சொல்லிவிடும்.

காந்தி பக்கமா ஹார்டாக் பக்கமா என்று சண்டை போடுகிறவர்கள் ‘எத்தனை’ என்பதைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். மரம் அழகாக இருந்திருக்கலாம். நிழல் எவ்வளவு தூரம் விழுந்தது என்பது வேறு கேள்வி.

*

டெல்டாவில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். யாருக்கு லாபம் என்பது மரக்காலைப் பிடித்திருக்கிற கையைப் பொறுத்தது.

மரக்காலை எப்படிப் பிடிக்கிறோம், குவித்து அளக்கிறோமா தலைதட்டி அளக்கிறோமா, நெல்லை மெதுவாகச் சரிய விடுகிறோமா ஓங்கிக் கொட்டுகிறோமா என்பதிலேயே ஒரு கைப்பிடி கூடும் குறையும். வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று பண்ணைகளில் இரண்டு வைத்திருந்த கதைகளைக் கீழத்தஞ்சைப் பக்கம் வயசானவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1940களில் அங்கே விவசாயத் தொழிலாளர் இயக்கம் எழுந்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று முத்திரை மரக்காலில் கூலி அளக்கவேண்டும் என்பது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழியவேண்டும் என்ற கோரிக்கையோடு ஒரே வரிசையில் இதுவும் நின்றது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது ஏதோ எடைமுத்திரைத் துறை விவகாரம் மாதிரி தெரியும். அறுத்தவர்களுக்கு அது மானப்பிரச்சினை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அறுத்தவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. என் அப்பாயிக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நடவு நாள் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். யார் எத்தனை நாள் வந்தார்கள், யாருக்கு எத்தனை படி பாக்கி என்பது எல்லாம் அவர் தலையில் இருக்கும். மரக்கால் குறைகிறது என்பது அவர் கைக்கே தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து தன் படியில் அளந்தால் தெரிந்துவிடப் போகிறது. ஆகவே அறிவு இல்லாதது பிரச்சினை இல்லை. ‘குறையுது ஐயா’ என்று சொல்வதற்கு ஓர் இடம் வேண்டுமே, அது இல்லை. சொன்னால் கேட்பதற்கு ஒரு காது, எழுதி வைப்பதற்கு ஒரு தாள், மறுநாள் வேலை போகாது என்ற ஒரு தைரியம், எதுவும் இல்லை.

அதனால் கல்வி என்பதை நான் இரண்டாகப் பார்க்கிறேன். ஒன்று, அளக்கத் தெரிவது. இன்னொன்று, அளந்தது சரியா என்று கேட்கிற இடத்தில் நிற்பது. திண்ணைப் பள்ளி முதலாவதை அருமையாகக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவதை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தெரு முடிவுசெய்தது.

*

நெல்லால் அளக்கப்பட்ட இன்னொரு நாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கொஞ்சம் துலங்கும். எதோ காலத்து ஜப்பானில் நிலத்தின் மதிப்பு, பிரபுவின் அந்தஸ்து, சாமுராயின் சம்பளம் எல்லாமே ‘கொகு’ கணக்குதான். ஒரு கொகு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி. நம் ஊரில் ஒருவரை ‘இத்தனை வேலிக்காரர்’ என்று சொல்வது மாதிரி அங்கே இத்தனை கொகு பிரபு.

அங்கேயும் திண்ணைப் பள்ளி மாதிரி ஒன்று இருந்தது. தெராகொயா என்பார்கள். கோயில் துறவியோ, வேலையில்லாத சாமுராயோ, ஊரில் நாலெழுத்துத் தெரிந்தவரோ தன் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பார். எழுத்து, வாசிப்பு, மணிச்சட்டக் கணக்கு. விவசாயி பிள்ளைக்கு விவசாயச் சொற்கள் நிறைந்த பாடநூல், வியாபாரி பிள்ளைக்கு வியாபாரப் பாடநூல். நெல்லிலக்கம் மாதிரியே மண்ணோடு ஒட்டிய கல்வி. ஆனால் ஒரு வித்தியாசம். வரியை ஒவ்வொரு குடியானவனிடமும் தனித்தனியாக வாங்காமல் கிராமத்தின் தலையில் மொத்தமாகச் சுமத்தினார்கள். அதனால் கணக்கு எழுதுகிற, மனு எழுதுகிற ஆட்கள் குடியானவர்களுக்குள்ளேயே தேவைப்பட்டார்கள். உழுதவன் வீட்டுக்குள் எழுத்து நுழைய ஒரு காரணம் இருந்தது.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1872இல் கல்விச் சட்டம். எந்தக் கிராமத்திலும் படிக்காத குடும்பம் இருக்கக்கூடாது, எந்தக் குடும்பத்திலும் படிக்காத ஆள் இருக்கக்கூடாது என்பது அதன் முன்னுரை சொன்ன கொள்கை. எல்லாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. பள்ளிக்குக் கட்டணம் கட்டவேண்டும், வயலுக்குப் போகிற கை ஒன்று குறையும். கோபத்தில் சில இடங்களில் குடியானவர்கள் பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள். 1873இல் பள்ளிக்குச் சேர்ந்தவர்கள் சுமார் 28 சதவீதம். 1900இல் கட்டாயக் கல்விக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 1902இல் சேர்க்கை 90 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு தலைமுறைதான்.

ஜப்பான் சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு. 1871இல் சட்டப்படி அவர்கள் சமம் ஆனார்கள். அதன் பிறகும் அவர்கள் பிள்ளைகளைத் தனிப்பள்ளியில் உட்கார வைத்த ஊர்கள் இருந்தன. ஆனால் எல்லாரும் படிக்கவேண்டும் என்பது அரசின் கட்டாயம் ஆயிற்று. நம்மிடம் அது ஆகவில்லை. கோகலே 1911இல் கட்டாய ஆரம்பக்கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மறு வருஷம் அது தோற்கடிக்கப்பட்டது. சட்டப்படி கல்வி உரிமை நாடு முழுக்க வந்தது 2010 ஏப்ரலில். நூறு வருஷம். இதைப் பற்றி மைரன் வீனர் 1991இல் ஒரு புத்தகம் எழுதினார். பணம் இல்லாததால்தான் இந்தியாவில் எல்லாருக்கும் கல்வி வரவில்லை என்ற வாதத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியாவைவிட ஏழையாக இருந்தபோதே பல நாடுகள் செய்துவிட்டன. உடலால் உழைப்பவர் பிள்ளைக்கு உழைப்புத்தானே விதி என்ற நம்பிக்கை, படித்த இந்தியர்களின் மனதுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். சட்டம் எழுதுகிறவர்களும் அந்த மனதோடுதான் எழுதுகிறார்கள்.

*

நம் ஊரில் பள்ளி வராமல் இல்லை. எத்தனையோ வந்தன. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அடுத்த வருஷமே பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்த இரண்டாம் சரபோஜி, தன் காலத்தில் பல மொழிப் பள்ளிகளை நடத்தினார். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பேரில் அவர் கட்டிய சத்திரத்தில் சாப்பாட்டோடு படிப்பும் இருந்தது. நம் திண்ணைப் பள்ளியின் முறைகூட ஊர் தாண்டிப் போயிற்று. மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, மணலில் விரலால் எழுதிப் பழகுவது; இதைப் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் ஆதரவற்ற பையன்களுக்கான பள்ளியில் அதைச் செய்துபார்த்தார். 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்த முறையில் படித்தார்கள். திருவாரூர்ப் பக்கத்துச் சேரிப்பிள்ளைக்குக் கிடைக்காத திண்ணை, கடல் தாண்டி இங்கிலாந்து ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்தது. சரித்திரம் சில சமயம் இப்படித்தான் கேலி செய்யும்.

1854இல் கும்பகோணத்தில் மாகாணப் பள்ளி தொடங்கி, பிறகு கல்லூரி ஆயிற்று. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் எடுத்தது. உ.வே.சா. அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார். இங்கேதான் அளவை மாறுகிறது. மரக்கால் போய் மார்க் வந்தது. அரசாங்க வேலை, வக்கீல் தொழில், தாசில்தார் நாற்காலி எல்லாவற்றுக்கும் பரீட்சைதான் வாசல். மார்க்கின் நல்ல பக்கம், அது திண்ணையைப் பார்ப்பதில்லை, விடைத்தாளைத்தான் பார்க்கும். கெட்ட பக்கம், அதுவும் ஓர் அளவைதான், அதையும் யாரோ பிடித்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரியில் 1904இல் சேர்ந்த ராமானுஜன் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். கணக்கில் அவரை அளக்க அங்கே மரக்கால் இல்லை.

ராமானுஜனின் கதையை நாம் அடிக்கடி சொல்கிறோம். அளக்கும் இடத்துக்கே வராதவர்களின் கதையை யார் சொல்வது? விடைத்தாள் எழுதுவதற்கு முன்னால் பள்ளிக்கு நடந்து போகவேண்டும், தங்க இடம் வேண்டும், வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும். 1920களில் தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம், ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திர விடுதிகளைப் பிராமணர் அல்லாத மாணவர்களுக்கும் திறந்துவிட்டதை இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் நன்றியோடு சொல்வார்கள். கல்விக்கொள்கை என்று அதைப் பாடநூலில் எழுதமாட்டார்கள். ஆனால் ஒரு பாய், ஒரு இலைச் சோறு, ஒரு விளக்கு, இவைதான் பல குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றின.

*

1953க்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் கல்வி பற்றி நடந்த மிக ஆழமான தத்துவச் சண்டை அதுதான். கட்சிச் சண்டையாக மட்டும் அதை நினைவில் வைத்திருக்கிறோம்.

ராஜாஜியின் திட்டம் சுருக்கமாக இது: கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் படிக்கட்டும். மீதி நேரம் வீட்டில் அப்பா அம்மா செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். பள்ளியை இரண்டு ஷிஃப்டாக நடத்தினால் இருக்கிற கட்டடத்திலேயே, இருக்கிற வாத்தியார்களை வைத்தே, அதிகப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்றார்கள். 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று.

இதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட்டால் நாம் எதையும் கற்கமாட்டோம். அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்த யோசனை உலகத்தின் பெரிய கல்வியாளர்கள் பலர் சொன்னதுதான். கையால் செய்து கற்கவேண்டும், வாழ்க்கையும் பாடமும் பிரியக்கூடாது. காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிகளும் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் ஏன் அது தவறு?

ஏனென்றால் ‘வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி’ என்று சொல்லும்போது எந்த வாழ்க்கை என்று கேட்கவேண்டியிருக்கிறது. மிராசுதார் வீட்டுப் பிள்ளை பிற்பகலில் அப்பாவிடம் கற்பது மரக்காலைப் பிடிப்பதை. பண்ணையாள் வீட்டுப் பிள்ளை பிற்பகலில் அப்பாவிடம் கற்பது மரக்காலுக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதை. இரண்டும் ‘அனுபவக் கல்வி’தான். சமமில்லாத ஊரில் பொருத்தமான கல்வி என்பது சமமின்மையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதாக முடியும். போகவும் வழியுள்ள வீட்டில் இருக்கிறவர் ‘நான் இங்கேயே இருக்கிறேன்’ என்றால் அது அவர் விருப்பம். கதவே இல்லாத வீட்டில் அதே வாக்கியத்துக்கு என்ன மதிப்பு?

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கதவு, அப்புறம் மண்ணின் மணம். காமராஜர் காலத்தில் நடந்தது இந்த வரிசைதான். ஊருக்கு ஊர் பள்ளி, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு துணையோடு பள்ளிச் சீரமைப்பு, 1956இலிருந்து மதிய உணவு. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். சாப்பாடு போட்டுப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று கேலி பேசியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே அண்டாவிலிருந்து வாங்கிச் சாப்பிடுவதே ஒரு பாடம். கரண்டி ஒன்று, தட்டு ஒன்று, அளவு ஒன்று. டெல்டா அதுவரை பார்க்காத ஒரு முத்திரை மரக்கால் அது. அங்கேயும் தனித்தட்டு வைத்த பள்ளிகள், சமைக்கிறவர் சாதியைக் கேட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோன பெற்றோர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் இப்போது அதைத் தவறு என்று சொல்ல ஒரு சட்டம் இருக்கிறது, சொல்கிறவருக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது.

*

பள்ளிகள் பெருகிய அதே காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். எல்லாரும் தலித் மக்கள். அந்தப் பூசலின் வேரில் இருந்தது கூலி உயர்வு. மக்கள் நினைவில் அது அரைப்படி நெல். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது.

ஒரு படி என்பது ஒரு நாழி. நெல்லிலக்கத்தின்படி 14,400 நெல்மணி. அரைப்படி 7,200. அந்த வாய்ப்பாட்டைத் திண்ணையில் ஒப்பித்த பிள்ளைகளின் பேரன்கள் அந்த ஜில்லாவில் வக்கீலாகவும் அதிகாரியாகவும் ஆகியிருந்தார்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. கற்றவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தால் இந்த இரவு புரியாது. ‘அளவு சரியில்லை’ என்று கேட்டவருக்கு நிற்க இடம் கிடைத்ததா என்று பார்த்தால்தான் புரியும். என் முதல் கேள்விக்கு இங்கேதான் எனக்குப் பாதி பதில் கிடைக்கிறது. சிலர் அளக்கிற பக்கம் ஏறிப்போவதால் தூரம் குறைவதில்லை. கேட்கிறவர் உயிரோடு வீடு திரும்புகிறபோது குறைகிறது.

*

மீதிப் பாதி என் தலைமுறைக்கு.

2000களில் டெல்டாவிலிருந்து பொறியியல் படிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் சென்னைப் பேருந்துக்குப் பெட்டியோடு நின்ற கூட்டத்தை நினைத்துப் பார்த்தால், பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. ‘படிச்சவன் எல்லாம் ஊரை விட்டுட்டுப் போயிட்டான், நெல்லு நட ஆள் இல்ல’ என்று புலம்புகிறவர்கள் உண்டு. அந்தப் புலம்பலை நான் மதிக்கிறேன், ஆனால் முழுசாக ஏற்கமுடியவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்கவேண்டும் என்பதற்காக ஒருவர் பிள்ளை படிக்காமல் இருக்கவேண்டுமா? யாருடைய பிள்ளை?

இழப்பே இல்லை என்றும் சொல்லமுடியாது. என் வயதில் ஒருவருக்கும் மா என்றால் எவ்வளவு, குழி என்றால் எவ்வளவு என்று தெரியாது. சொந்த ஊர்ப் பத்திரத்தைப் படிக்க யாரையாவது கூப்பிடவேண்டியிருக்கிறது. கதவு திறந்ததும் எல்லாரும் ஓடிவந்துவிட்டோம், உள்ளே எதை விட்டுவிட்டு வந்தோம் என்று திரும்பிப் பார்க்க இப்போதுதான் நேரம் கிடைக்கிறது. கதவு இருப்பதால் திரும்பிப் பார்ப்பது இப்போது அடிமைத்தனம் ஆகாது.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது இல்லை. இன்றைக்கு நாங்கள் எழுதுகிற மென்பொருள்தான் மரக்கால். சாப்பாடு கொண்டுவருகிற தம்பிக்கு இன்றைக்கு எவ்வளவு கூலி, எந்த ஓட்டுநருக்கு எந்தச் சவாரி, யாருக்குக் கடன், யாருடைய விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே விழும் என்பதையெல்லாம் ஒரு நிரல் முடிவுசெய்கிறது. குவித்து அளக்கிறதா தலைதட்டி அளக்கிறதா என்று அளக்கப்படுகிறவருக்குத் தெரிவதில்லை. அப்பாயிக்காவது வீட்டில் ஒரு படி இருந்தது, திரும்ப அளந்து பார்க்க. அந்தத் தம்பியிடம் அதுவும் இல்லை. ‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுது’ என்பதுதான் பதில். களத்துமேட்டுக் காரியஸ்தர் சொன்ன பதில் மாதிரியே இருக்கிறது.

அறுக்கிற பக்கத்திலிருந்து அளக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டோம், சரி. நம் கையில் இருக்கும் மரக்காலுக்கு யார் முத்திரை போடுவது? எனக்குத் தெரிந்த நல்ல பொறியாளர்கள் பலர், வேலையை ஒழுங்காகச் செய்வதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஜப்பானின் மீதிக் கதை இங்கேதான் உதவும். 1890இல் பேரரசரின் கல்வி ஆணை வந்தது. விசுவாசமும் கீழ்ப்படிதலும்தான் கல்வியின் உயிர் என்றது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள்; விழா நாட்களில் தலைமையாசிரியர் அதை வாசிக்கும்போது தலைகுனிந்து நின்றார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் எழுத்தறிவு இருந்த அந்த நாடு, மேலிருந்து வந்த அளவு சரியா என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் வளர்க்கவில்லை. அந்தப் பாதை 1945இல் எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். 1948இல்தான் நாடாளுமன்றம் அந்த ஆணையை விலக்கியது. எல்லாருக்கும் அளக்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு அது ஒரு நாடளவு சாட்சி.

ஆகவே ஒரு கல்விமுறை நல்லதா என்று யாராவது கேட்டால் நான் தேர்ச்சி சதவீதத்தையும் வேலைவாய்ப்பையும் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது இது: அங்கே படித்த பிள்ளை, தன்னை அளக்கிறவரிடம் ‘இன்னொரு தடவை அளங்க’ என்று சொல்லுமா? சொன்னால் அதற்கு என்ன நடக்கும்? அதே பிள்ளை வளர்ந்து மரக்காலைக் கையில் வாங்கியபிறகு, எதிரே நிற்பவர் அதே வாக்கியத்தைச் சொன்னால் கோபப்படாமல் திரும்ப அளக்குமா? மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. படித்து மேலே வந்தவர்களை எடைபோடுவதும் அதுதான்.

குறுவை அறுப்பு முடிகிற சமயத்தில் டெல்டாவில் எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள். சாலையோரம் நெல் குவிந்து கிடக்கும், மேலே தார்ப்பாய். 40 கிலோ மூட்டை, மின்னணுத் தராசு, ஈரப்பதம் பார்க்க ஒரு சின்னக் கருவி. 17 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமாக எடுக்கமாட்டார்கள். மரக்காலும் இல்லை, ‘லாபம்’ என்ற குரலும் இல்லை. திரையில் ஓர் எண் வருகிறது, அவ்வளவுதான். பள்ளிச் சீருடையில் அப்பாவோடு வந்து நிற்கிற பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அந்த எண்ணை எட்டிப் பார்த்து, சத்தமாகப் படித்து, ‘அண்ணே, இன்னொரு தடவை வச்சுப் பாருங்க’ என்று அதில் ஒரு பெண் கேட்டால், கருவியை வைத்திருப்பவர் முகத்தைத் தூக்காமல் திரும்ப வைத்துப் பார்த்தால், நெல்லிலக்கத்திலிருந்து நாம் கொஞ்ச தூரம் வந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.